அபராதத் தொகையை ஒருவரின் வருமானத்துக்கு ஏற்ப நிர்ணயிப்பது சரியா?

கொள்கை அளவில் சரியே. ஆனால், இந்தியாவில் இன்று அதைக் கொண்டுவந்தால் பெரும் பணக்காரர்களைவிட மாதச் சம்பளக்காரர்களே அதிகம் சிக்குவார்கள் என்பதால், சாலை அபராதங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

இம்முறைக்குப் பெயர்போன நாடு பின்லாந்து. அங்கே 1921 முதல் ‘நாள் அபராதம்’ இருக்கிறது. குற்றத்தின் கடுமை எத்தனை நாள் என்பதையும், வருமானம் ஒரு நாளுக்கு எவ்வளவு என்பதையும் முடிவு செய்கின்றன. மாத நிகர வருமானத்தில் 255 யூரோவைக் கழித்து, மீதியை 60ஆல் வகுப்பது அடிப்படைக் கணக்கு. ஒரே குற்றத்துக்கு இருவருக்கு 12 நாள் விதிக்கப்பட்டால், மாதம் 2,000 யூரோ பெறுபவர் ஏறத்தாழ 348 யூரோவும், 20,000 யூரோ பெறுபவர் 3,948 யூரோவும் கட்ட வேண்டியிருக்கும். 2023இல் பின்லாந்துக்கு உட்பட்ட ஓலந்துத் தீவுகளில், 50 கி.மீ. வேக வரம்புள்ள சாலையில் 82 கி.மீ. வேகத்தில் சென்ற தொழிலதிபர் ஆண்டர்ஸ் விக்லோஃப் 1,21,000 யூரோ கட்ட நேர்ந்தது இந்தக் கணக்கினால்தான். இச்செய்தியைப் பகிர்ந்தவர்களில் பலர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: சிறிய வேக மீறல்களுக்கு அங்கும் எல்லோருக்கும் ஒரே தொகைதான்.

அம்முறை அங்கே நிலைத்திருப்பதற்குக் காரணம் நீதியுணர்வு மட்டுமல்ல. வண்டியை நிறுத்தும் காவலரே வரித்துறைப் பதிவிலிருந்து வருமானத்தைப் பார்த்துவிட முடிகிறது. அந்த வசதி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து சான்று. 1992 அக்டோபரில் அங்கு இதேபோன்ற திட்டம் வந்தபோது, வருமான விவரத்தை உரியவரே படிவத்தில் எழுதித் தர வேண்டியிருந்தது. தராதவருக்கு உச்சத் தொகை விதிக்கலாம் என்பது ஏற்பாடு. சிப்ஸ் பாக்கெட்டைத் தெருவில் போட்ட ஒருவருக்கு 1,200 பவுண்டு விதிக்கப்பட்டுப் பெரும் கேலிக்கு உள்ளானது. 1993இலேயே திட்டத்தைக் கைவிட்டார்கள்.

நம்மிடம் இருப்பது எந்த நிலைமை என்று விளக்கத் தேவையில்லை. அரசுப் பள்ளி ஆசிரியரின் வருமானம் டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கப்படும் வரி), படிவம் 16 (அதற்கான சான்று) என்று ரூபாய் கணக்கில் பதிவாகியிருக்கிறது. ரொக்கத்தில் வியாபாரம் செய்பவரும், பல வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவரும் தாம் காட்டும் தொகையையே வருமானமாக்கிக்கொள்ள முடியும். விவசாய வருமானத்துக்கோ மத்திய அரசின் வருமான வரியே கிடையாது. ஆகவே, ஹெல்மெட் போடாத ஆசிரியர், அதே குற்றத்துக்குப் பத்து வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவரைவிட அதிகம் கட்டுவார். தமிழ்நாட்டில் இக்குற்றத்துக்கு இன்றுள்ள 1,000 ரூபாய் அபராதம், உணவு விநியோகிக்கும் இளைஞருக்கு ஒரு நாள் உழைப்பையே விழுங்கக்கூடியது, வசதியானவருக்குப் பொருட்டே அல்ல என்பது உண்மைதான். அந்த அநியாயத்தைத் தீர்க்கப் போய் இன்னொன்றை உண்டாக்கக் கூடாது.

பணத்துக்குப் பதில் ஓட்டுநர் உரிமத்தை முடக்கலாமே என்பார்கள். ஹெல்மெட் குற்றத்துக்கு மூன்று மாதத் தகுதியிழப்பு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் ஓட்டுநர் வைத்துக்கொள்ள வசதி உள்ளவருக்கு அது தண்டனையே இல்லை. பைக்கில் உணவு விநியோகிப்பவருக்கோ மூன்று மாதம் அடுப்பெரியாது.

எனவே நீதிமன்றம் விசாரிக்கும் பெரிய குற்றங்களில் தொடங்குவதே பொருத்தம். உச்ச வரம்பு குறிக்கப்படாத அபராதம் அளவு மீறியதாக இருக்கக் கூடாது என்று மட்டுமே இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சொல்கிறது. அந்த அளவை மதிப்பிடும்போது குற்றவாளியின் சொத்து விவரத்தைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்க நீதிபதிக்கு அவகாசம் உண்டு. தெருமுனையில் சலான் போடும் காவலருக்கு அது கிடையாது.