கதவைத் திறந்த அப்பா

அன்புள்ள அண்ணா,

பள்ளிப் பையன் ஒருவன் ஓநாய் மனிதனாக மாறும் 'டீன் வுல்ஃப்' என்ற ஆங்கில காமெடிப் படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஒன்பதாவது படிக்கும் என் மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். சின்ன வயதில் கேசட் போட்டு விழுந்து விழுந்து சிரித்த படம். இந்தமுறை நடுவில் தன்பாலீர்ப்பாளர்களை இழிவாகச் சொல்லும் வசை ஒன்று வந்தது. மகன் சட்டென்று என் முகத்தைப் பார்த்தான். டிவியை நிறுத்திவிட்டேன். இதையா நல்ல படம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அந்த வசனத்தைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதாமல் விட்டது தப்புதான். படம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கதாநாயகப் பையன் ஸ்காட் தன் நண்பன் ஸ்டைல்ஸிடம் ஒரு ரகசியம் சொல்ல வந்து தடுமாறுகிறான். நீ அவனா என்று அந்த வசைச் சொல்லைப் போட்டே ஸ்டைல்ஸ் கேட்கிறான், அப்படி இருந்தால் தன்னால் தாங்க முடியாது என்கிறான். ஸ்காட்டும் அதே சொல்லைச் சொல்லி, நான் அது இல்லை, ஓநாய் மனிதன் என்கிறான். 1985இல் அதை ஜோக்காக எழுதி, ஜோக்காகவே எடுத்திருக்கிறார்கள்.

எனக்கு வலிப்பது எங்கே என்றால், அதற்கு முன்னால் வரும் குளியலறைக் காட்சியை நினைத்துப் பார்க்கும்போதுதான். பார்ட்டியிலிருந்து ஓடி வந்து உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறான் பையன். கண்ணாடியில் அவன் முகம் அவனைக் கேட்காமலே மாறுகிறது, காது நீள்கிறது, கையெல்லாம் முடி. வெளியே அப்பா தட்டுகிறார், திற என்கிறார், முடியாது என்கிறான், அவர் விடவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் திறந்தால் வாசலில் அப்பாவும் ஓநாயாக நிற்கிறார்! அப்பாவாக நடித்த ஜேம்ஸ் ஹாம்ப்டன் அதை அவ்வளவு நிதானமாகச் செய்திருப்பார். சில தலைமுறைக்கு இது வராமல் தாண்டிப் போய்விடும், உனக்கும் வராது என்று நம்பியிருந்தேன் என்கிறார் பிறகு. மகனிடம் சொல்லாமல் இத்தனை வருடம் வைத்திருந்த மனிதரின் குற்றவுணர்ச்சி அது. தன் உடம்பைப் பற்றிய உண்மையை வீட்டில் சொல்லப் பயப்படும் ஒரு பிள்ளைக்கு இதைவிட ஆறுதலான காட்சியை அந்தக் காலத்து டீன் காமெடிகளில் நான் பார்த்ததில்லை.

அப்படி ஒரு கதவைத் திறந்துவிட்ட படம், அதே கதவுக்குப் பின்னால் நிஜமாகவே நின்றுகொண்டிருந்த பிள்ளைகளை அடுத்து வரும் ஒரு வசனத்தில் அடித்துவிடுகிறது. 'காலம் அப்படி' என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்திலும் அந்தச் சொல்லைக் கேட்டுக் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்த பையன்கள் இருந்தார்கள். அதற்காகப் படத்தைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

இன்னொன்று. ஸ்காட்டாக நடித்த மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991இல் பார்கின்சன் நோய், அதாவது கை நடுங்க வைக்கும் நரம்பு நோய், என்று தெரிந்தது. 1998 வரை வெளியில் சொல்லாமலே நடித்தார். இது தெரிந்த பிறகு, அந்தக் கண்ணாடி முன் அவர் தன் கைகளைப் பார்க்கும் இடத்தில் என்னால் சிரிக்க முடிவதில்லை. படம் எடுத்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை, ஆனாலும் இன்று பார்க்கும் நமக்குத் தெரிகிறதே.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் உங்கள் முகத்தைப் பார்த்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா இதற்குச் சிரிக்கிறாளா என்று பார்த்திருப்பான், இல்லை, வேறு ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்கும். டிவி நின்றுபோனதும் பதில் கிடைக்காமலே போய்விட்டது. அந்தச் சொல் ஏன் உங்களைச் சுட்டது என்று அவனிடம் உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள், நீட்டி முழக்க வேண்டாம், சாப்பிடும்போது சொன்னாலும் போதும். அப்புறம் மீதியைச் சேர்ந்து பாருங்கள். ஓநாயாகக் கூடைப்பந்து ஆடினால்தான் பள்ளிக்கூடமே ஸ்காட்டைக் கொண்டாடுகிறது, ஜெயித்துத் தருகிறான் என்பதால். ஆனால் கடைசி ஆட்டத்தில் வெறும் ஸ்காட்டாக, குள்ளப் பையனாக ஆட இறங்குகிறான். யாரும் மறிக்காமல் கூடைக்குள் எறியக் கிடைக்கும் அந்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் ஸ்காட் போடும்போது உங்கள் மகன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.