தொலைக்காட்சித் தொடரில் வருவது போல, கூட வேலை செய்பவரின் இரகசியத்தை அரச அலுவலகத்தில் உண்மையிலேயே காப்பாற்றுவார்களா?

காப்பாற்றுவார்கள். நானே நாலு வருடம் காப்பாற்றியிருக்கிறேன். அதில் பெருமைப்பட ஏதும் இருக்கிறதா என்று கேட்டால்தான் எனக்குப் பதில் வராது.

நீங்கள் கேள்விக்குக் கீழே ‘கோல் த மிட்வைஃப்’ தொடரைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். லண்டனில் இருக்கும் என் தங்கச்சி இங்கே வந்து நின்ற ஒரு மாதமும் லப்டொப்பில் அதைத்தான் போட்டுக் காட்டினாள். பார்க்காதவர்களுக்கு: 2012இல் பிபிசியில் தொடங்கியது. கதை 1957இல், கிழக்கு லண்டன் பொப்லரில், சைக்கிளில் போய்ப் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதர்களோடு ஆரம்பிக்கிறது.  அதில் ட்ரிக்ஸி என்றொரு தாதி. வெளியில் பளபளப்பு, உள்ளே குடி. கூட இருப்பவர்களுக்குத் தெரிய வருகிறது. யாரும் அவளை ஊருக்குள் நாறடிக்கவில்லை. மதுவை விட்டவர்களின் கூட்டத்துக்குப் போகிறாள், பிறகு ஒருமுறை சறுக்கி நீண்ட விடுமுறையில் போகிறாள். நீங்கள் “எவ்வளவு இரக்கம்!” என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் பட்டது வேறு. அவளுக்கு விடுமுறை கிடைத்தது. எங்கள் ஆளுக்கு நாங்கள் அதை வாங்கிக் கொடுக்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்து 2018இல் பென்சன் எடுத்தவள். எந்தக் கந்தோர் என்று சொல்ல மாட்டேன். பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரதி கொடுக்கும் பகுதியில் எனக்கு மூத்தவர் ஒருவர், நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். 27 வருடச் சேவை. 1995இல் சனம் எல்லாம் இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் போனபோது, பதிவேடுகளுக்கு என்ன ஆகுமோ என்று வாய்விட்டு அழுத மனிதர். அவருக்குக் கண் அழுத்த நோய், கிளொக்கோமா. அது பொல்லாத வியாதி. நோவு இல்லை, முதலில் ஓரப் பார்வைதான் போகும், ஆளுக்கே தெரியாது. போன பார்வை திரும்பவும் வராது.

எங்களுக்குத் தெரிய வந்தது தேத்தண்ணியால். பிளேன்ரீ கொண்டு வரும் பையன் கப்பைப் பஞ்ச் மெசினுக்குப் பக்கத்தில் வைப்பான். ஒரு நாள் மற்றப் பக்கம் வைத்துவிட்டான். அண்ணை பஞ்ச் மெசின் பக்கத்தில் மேசையைத் தடவிக்கொண்டே இருந்தார். அறையில் ஐந்து பேர் இருந்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து கப் இடம் மாறவே இல்லை.

அதன் பிறகு அவருடைய பிரதிகளை நான்தான் எழுதினேன். அப்போது எல்லாம் கையெழுத்து. பென்னாம் பெரிய பதிவேட்டை விரித்து, வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து, பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். அவர் அடிமட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பார், நான் பக்கத்துக் கதிரையில் இருந்து எழுதுவேன். பார்ப்பவர்களுக்கு அவர் எனக்கு வேலை பழக்குகிறார் என்று தோன்றும். “தங்கச்சி, இரண்டு குமர்ப் பிள்ளையள் இருக்கு எனக்கு, இன்னும் மூண்டு வருசம் இழுத்தாப் போதும்” என்று ஒருமுறை சொன்னார். முப்பது வருடம் முடித்தால் பென்சன் கூட வரும், அதுதான் கணக்கு.

இப்போது சிலர் சட்டம் படிப்பிக்க வருவீர்கள், தெரியும். மேலதிகாரிக்கு அறிவித்திருக்க வேண்டும், அரச ஊழியருக்கான விதிப் புத்தகமான தாபன விதிக்கோவை அப்படிச் சொல்கிறது, இப்படிச் சொல்கிறது என்று. அந்தப் புத்தகத்தை நானும் படித்துத்தான் சோதனை எழுதினேன். நான் செய்தது சரி என்று இங்கே எங்கேயும் எழுதவில்லை.

2003இல் என் மகளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் லீவு போட்டேன். அந்த இரண்டு நாளில் அண்ணை தானே ஒரு பிரதி எழுதியிருக்கிறார். கையொப்பம் வைத்தவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து நெடுந்தீவிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். பேத்தி பிறந்தது பட்டணத்து ஆஸ்பத்திரியில், அதனால் பதிவும் இங்கே. பிள்ளை சாதாரண தரச் சோதனை எழுத வேண்டும், அடையாள அட்டைக்கு அனுப்பிய போம் திரும்பி வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பதிவில் 1987 மார்ச் 13, எங்கள் பிரதியில் மார்ச் 18. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, நம்முடைய பழைய அடையாள அட்டை இலக்கத்துக்குள் பிறந்த நாள் இருக்கிறது. முதல் இரண்டும் வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாம் நாள் என்பது (பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு), பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். 87573 என்று தொடங்க வேண்டிய இலக்கம் 87578 ஆகியிருக்கும். ஐந்து நாள் பிழை ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பதிவேட்டைத் திறக்க முதலே ஆச்சியை ஏசினேன். “பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்க நீங்கள்தான் பிழையாச் சொல்லியிருப்பியள்” என்று, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கத்தக்கதாக. அவர் விடியப் படகேறிக் குறிகட்டுவான் துறையில் இறங்கி, பஸ் பிடித்து வந்து, அது மூன்றாவது தரமாம். முதல் இரண்டு தரமும் வேறு வேறு மேசைகளில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பிறகு பதிவேட்டைத் திறந்தேன். 13. சந்தேகமே இல்லாத 13. மூன்றின் வால் கொஞ்சம் சுருண்டிருந்தது, அவ்வளவுதான்.

புதுப் பிரதி எழுதி, “என்ர பிழை சேர்” என்று சொல்லிக் கையொப்பம் வாங்கினேன். அதற்கு எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது தனிக் கதை. பிரதியை ஆச்சியின் கையில் கொடுத்தபோது அவர் குரலைத் தணித்து,

“அந்த ஐயாவுக்குக் கண் தெரியாது, என்ன பிள்ளை?” என்றார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

“நான் குடுத்த காசைத் தடவித்தான் பாத்தவர். சொன்னா அவற்ர வேலைக்கு ஏதும் வந்திடும் எண்டு நான் ஒரு இடத்திலயும் சொல்லேல்லை.”

மூன்று முறை கடல் கடந்து வந்தவரும் அந்த இரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டுதான் நின்றிருக்கிறார். எங்களுக்கு அது ஒரு கப் தேத்தண்ணியும் கொஞ்சம் எழுத்து வேலையும். செலவெல்லாம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு.

அன்று பின்னேரம்தான் நிர்வாக உத்தியோகத்தரிடம் போனேன். போவதற்கு முன் அண்ணையிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன், அவருக்குத் தெரியாமல் இல்லை. அண்ணையை மருத்துவச் சபைக்கு, அதாவது வேலை செய்ய உடம்பு இடம் கொடுக்குமா என்று பார்க்கும் வைத்தியர் குழுவுக்கு அனுப்பினார்கள். பத்து வருடம் சேவை முடித்த ஆளை நோய் காரணமாக ஓய்வு பெறச் செய்தாலும் பென்சன் உண்டு. இந்த ஒரு விஷயத்தை நாலு வருடத்தில் எங்கள் ஐந்து பேரில் ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை. கொஞ்சம் குறைந்த பென்சன்தான், ஆனால் பென்சன். அண்ணை எட்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. மூத்த மகளின் கலியாணத்துக்குச் சொல்ல வந்தபோதுதான் கதைத்தார். அதுவும் கலியாணக் காட்டை நீட்டி, “விலாசம் சரியோ எண்டு பார்” என்று.

     

சரி, உங்கள் விஷயம். தொடரைப் பற்றி மட்டும் கேட்பவர் “நிஜமாகவே காப்பாற்றுவார்களா” என்று கேட்க மாட்டார். உங்கள் கந்தோரில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். அவரைக் காட்டிக்கொடுங்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நாளைக்கு அவருடைய மேசையால் போகும் பேப்பர்களில் பத்தை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு லீவு, இலகு வேலை, மருத்துவச் சபை என்று என்னென்ன வழி இருக்கிறது என்பதைத் தேடி எடுத்துக்கொண்டு, முதலில் அவரிடமே போங்கள். அவர் உங்களோடு கொஞ்ச நாள் கதைக்க மாட்டார்.