பசுமைக்குடிலுக்குள் கலப்புப் பயிர்: கேள்வி பதில்

திண்டுக்கல் வாசகர்: ஐயா, சமவெளியில் அரை ஏக்கர்ப் பசுமைக்குடிலில் தக்காளி, வெள்ளரி, கீரையோடு நடுவே மீன்தொட்டியும் வைக்கலாமா?

பயிர்களைச் சேர்க்கலாம். ஆனால் வெள்ளரி ஈரக்காற்றில் செழிக்கும். தக்காளிக்கோ காற்றில் ஈரம் மிகுந்தால் மகரந்தம் ஒட்டிக்கொண்டு உதிராது, வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூவும் கொட்டிவிடும். ஆகவே காற்று நுழையும் பக்கம் தக்காளியையும், அது வெளியேறும் பக்கம் வெள்ளரியையும், கொடிநிழலில் கீரையையும் வையுங்கள். மீன்தொட்டி வெளியே, தென்னை நிழலில் இருக்கட்டும். 1976இல் அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் நியூ ஆல்கெமி நிறுவனத்தார் கட்டிய ‘ஆர்க்’ குடிலில் ஒளி ஊடுருவும் தொட்டிகளில் மீன் வளர்த்தார்கள். பகல் வெயிலைச் சேமித்துப் பனி இரவில் வெளிவிடுவது அந்த நீரின் வேலை. உங்களுக்கோ வெப்பத்தை வெளியேற்றுவதுதான் வேலை.

சேலம்: குடிலின் கூரைக்கு என்ன தடிமனில் பிளாஸ்டிக் தாள் போடுவது?

புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் தாள். தாளைவிடக் கூரையின் மேல்திறப்பைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

மீண்டும் திண்டுக்கல்: நான் கேட்ட மீன்தொட்டியின் நீரே பகலில் வெப்பத்தை உறிஞ்சிக் குடிலைக் குளிர்விக்காதா?

நல்ல வாதம்; கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொட்டியில் 20,000 லிட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால், அது 10 டிகிரி சூடேற ஏறத்தாழ 233 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பம் வேண்டும். உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோவாட் என்பதால், அரை ஏக்கரில், அதாவது ஏறத்தாழ 2,000 சதுர மீட்டரில், விழுவதில் பாதி மட்டும் உள்ளே தங்கினாலும் கால் மணி நேரத்தில் அந்தக் கொள்ளளவு தீர்ந்துவிடும். பிறகு அந்தத் தொட்டி இரவெல்லாம், குளுமை தேடும் தக்காளியின் பக்கத்தில் அடுப்பாக நிற்கும்.

உதகை: எங்களுக்கும் இதே பதிலா?

இல்லை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் உங்களுக்கு, வடக்குச் சுவரோரம் கறுப்புப் பூசிய நீர்த்தொட்டிகள் உதவும். ஆனால் ஜிலேபிக் கெண்டை அந்தக் குளிரைத் தாங்காது. வேறு மீன் பாருங்கள்.

ஈரோடு: எத்தனை மைக்ரான் தாள்?

சேலத்துக்காரருக்குச் சொல்லிவிட்டேன்.

தேனி: பூச்சிவலை போட்டால் தேனீ எப்படி வரும்?

வராது. தக்காளிக்குக் கொடி கட்டிய கம்பியைக் காலையில் தட்டிவிட்டால் போதும். வெள்ளரியில் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் இரகத்தைத் தேர்ந்தெடுங்கள். வலைக்கண் சிறுக்கச் சிறுக்கக் காற்றும் குறையும் என்பதால், வலை போடுகிறவர் மேல்திறப்பைப் பெரிதாக்கியே ஆக வேண்டும்.

நாமக்கல்: கோழியையும் உள்ளே விடலாமா?

கூடாது. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா மூடிய குடிலில் இலைகளைக் கருக்கிவிடும்.

ஓசூர்: தக்காளியையும் வெள்ளரியையும் மாற்றி மாற்றிப் போட்டும் வேரில் முடிச்சு விழுகிறதே?

வேர்முடிச்சு நூற்புழுவுக்கு இரண்டும் விருந்துதான். நீங்கள் மாற்றியது பயிரை மட்டுமே, புழுவின் உணவை அல்ல. ஒரு பருவம் முழுக்கச் செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு, வேப்பம்புண்ணாக்கும் இட்டு, அதன் பிறகு தக்காளிக்கு வாருங்கள்.