பிரெஞ்சு மட்டும் போதாது, தம்பி

மொரீஷியஸில் வேலை கிடைத்திருப்பதாகவும், பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்துவிட்டதாகவும் எழுதி, அது போதுமா, வாடகை எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை ஊருக்கு ஊர் மாறும். வந்து பார்த்துப் பேசிக்கொள்ளலாம். மொழி விஷயத்தில்தான் நான் பட்ட பாட்டைச் சொல்லி எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

நாடாளுமன்றத்தில் ஆங்கிலம், செய்தித்தாளில் பிரெஞ்சு. பேருந்திலும் கடையிலும் வீட்டிலும் கிரியோல். அதைக் ‘கொச்சைப் பிரெஞ்சு’ என்று ஏளனம் செய்யும் நம்மவர்களை இங்கே சந்திப்பீர்கள். பல ஆண்டுகள் இருந்தும் அதில் ஒரு வாக்கியம் பேச வராதவர்கள் அவர்கள். 1721 முதல் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களுக்கும், மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அவர்கள் அடிமைகளாகக் கொண்டுவந்த மக்களுக்கும் இடையே உருவான மொழி அது. 1810இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றிய பின்னும் அது மறையவில்லை. 1834இலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களின் பிள்ளைகளுக்கும் நாளடைவில் அதுவே வீட்டு மொழியாயிற்று. அதற்கென்று இலக்கணமும் உண்டு: ‘மோ பே அலே’ என்றால் போய்க்கொண்டிருக்கிறேன், ‘மோ பு அலே’ என்றால் போவேன், வினைச்சொல் அப்படியே நிற்க, முன்னால் வரும் சிறு சொல்லே காலத்தைக் காட்டும். 2012 முதல் பள்ளியிலும் கற்பிக்கிறார்கள்.

வந்த முதல் வாரம், போர்ட் லூயிஸ் சந்தையில், வகுப்பில் படித்த பிரெஞ்சில் மரியாதையாகக் கீரை கேட்டேன். கடைக்கார அம்மாள் ஏதோ அமைச்சர் வந்துவிட்டதைப் போல என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வெட்கத்தோடு முருங்கைக்கீரையைச் சுட்டிக்காட்டியதும், ‘ப்ரேத் முரும்’ என்றார். எனக்குக் காது கூர்மையானது. பீர்க்கங்காயைக் காட்டினேன், ‘பிபங்காய்’. கொத்தமல்லியைக் காட்டினேன், ‘கொத்தோமிலி’. பக்கத்துக் கடையில் தொங்கிய ‘ஃபதாக்’ துடைப்பத்தின் பெயரோ ஒரு புல்லைக் குறிக்கும் மடகாஸ்கர் மொழிச் சொல் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அந்த ஒரு சந்தையில் கற்ற அளவுக்கு நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை.

இன்னொன்று: தமிழ்ப் பெயர் வைத்திருப்பவரிடம் தமிழில் பேசிப் பார்த்துவிட்டு, பதில் வராததும் உதட்டைப் பிதுக்காதீர்கள். தைப்பூசத்தன்று அலகு குத்திக் காவடி எடுப்பவர்கள் வீட்டில் கிரியோல்தான் பேசுகிறார்கள். முரும் என்பது எங்கள் முருங்கை என்று அந்த அம்மாளிடம் பின்னொரு நாள் பெருமையாகச் சொன்னேன். ‘இல்லை, அது எங்கள் கிரியோல் சொல்’ என்று அடித்துச் சொல்லிவிட்டு, ஒரு பிடி கீரையைக் கூடுதலாகப் பையில் போட்டார், நானும் வாதாடவில்லை.