பலருக்குத் தெரியாத, ஆனால் நீங்கள் பெரிதும் மதிக்கும் விஞ்ஞானி யார்?

சிரில் பவர்ஸ். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சில், துலேன் பல்கலைக்கழகத்தில் இருந்த மருத்துவர், ஓமோன் ஆய்வாளர். இலங்கையின் ஹட்டனில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிற எனக்கு அவரைத் தெரியவந்தது ஒரு பிள்ளை கேட்ட கேள்வியால்தான்.

பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிற பையன். வகுப்பில் அவன்தான் ஆகக் குள்ளம். புரதப் பாடம் முடிந்து எல்லோரும் போனபிறகு தயங்கித் தயங்கி வந்தான். "சேர், வளர்றதுக்கு ஓமோன் ஊசி இருக்காமே. போட்டா நான் உயருவேனா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வளர்ச்சி ஓமோன் மூளைக்கு அடியில் உள்ள கபச்சுரப்பியில் சுரக்கும் புரதம். 191 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 1958இல் மோரிஸ் ரேபன் என்ற மருத்துவர், இறந்தவர்களின் கபச்சுரப்பியிலிருந்து பிரித்த ஓமோனைக் கொடுத்து 17 வயதுப் பையன் ஒருவனை வளரவைத்தார். அந்த மருந்தைப் பெற்ற சிலர் பிற்காலத்தில் மூளையை அழிக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயால் இறந்தது 1985இல் தெரியவர, அமெரிக்காவில் அது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டிலேயே பக்டீரியாவைக் கொண்டு தயாரித்த ஓமோன் வந்தது. ஆனால் அதுவும் ஊசிதான். விழுங்கினால் நாம் தின்கிற பருப்பைப் போலச் செரித்துவிடும்.

பவர்ஸ் கண்டது வேறு வழி. 1960களில் அவர் ஆண்ட்ரூ ஷாலியுடன் சேர்ந்து, கபச்சுரப்பிக்கு மூளை அனுப்பும் ஓமோன்களைத் தேடியவர். அந்தத் துறைக்காக ஷாலி 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் பவர்ஸ் என்கெஃபலின் என்ற ஐந்து அமினோ அமிலப் பொருளை மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார். அது மூளையில் இருப்பது, மோர்ஃபின் போல வேலை செய்வது. மாற்றியவற்றில் சில, அந்த மோர்ஃபின் குணம் இல்லாமலே எலியின் கபச்சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஓமோனை வெளியேற்றின. இரண்டாம் இடத்தில் வலக்கை டிரிப்டோபனை வைத்ததுதான் முக்கியமான மாற்றம்.

வலக்கை என்றால் என்ன? எங்கள் வகுப்புக்கு வெளியே நனைந்த செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். இடது செருப்பும் வலதும் ஒரே றப்பர், ஒரே அளவு. ஆனால் கால் மாற்றிப் போட்டால் பொருந்தாது. நம் உடம்பின் புரதங்களில் இருப்பவை இடக்கை அமினோ அமிலங்கள். வலக்கைப் பிரதியை வைத்தால் சங்கிலி வேறு விதமாக மடியும், நொதியங்களாலும் எளிதில் வெட்ட முடியாது. அடுத்த வகுப்பில் இரண்டு செருப்புகளை மேசையில் வைத்தே இதைச் சொல்லிக்கொடுத்தேன்.

முதலில் கிடைத்த பொருளின் வீரியம் மிகக் குறைவு. ஃபிராங்க் மொமனியோடு சேர்ந்து, மூலக்கூறு எப்படி மடியும் என்று கணித்துக் கணித்துத் திருத்தினார்கள். 1984இல் ஆறு அமினோ அமிலங்களே கொண்ட, உயிருள்ள விலங்கில் நன்றாக வேலை செய்கிற ஒன்றை வெளியிட்டார்கள். இதற்கிடையில், 1982இல், வளர்ச்சி ஓமோனைத் தூண்டும் இயற்கை ஓமோன் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பிறகு இந்தச் செயற்கைப் பொருள் எதற்கு என்று கேட்கலாம். பவர்ஸ் விடவில்லை. இது வேறு வழியாக வேலை செய்கிறது, அப்படியானால் இதைப் போன்ற இன்னொரு ஓமோன் உடம்பிலேயே இருக்கவேண்டும் என்றார். கையில் இருந்தது சாவி மட்டும். பூட்டையும் யாரும் பார்க்கவில்லை, உடம்பின் சொந்தச் சாவியையும் பார்க்கவில்லை. என் மதிப்பு முழுவதும் இந்த இடத்தில்தான்.

மேர்க் மருந்து நிறுவனத்தில் ரோய் ஸ்மித், ஆர்தர் பாச்செட் குழு அந்தப் பொருளின் வேலையைச் செய்யும், வாயால் உட்கொள்ளக்கூடிய சிறு மூலக்கூறுகளை உருவாக்கியது. 1996இல் பூட்டு, அதாவது அந்தப் பொருள் போய்ப் பொருந்தும் வாங்கி, கிடைத்தது. 1999இல் ஜப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் உடம்பின் சொந்தச் சாவியைக் கண்டெடுத்தார்கள். அது இருந்தது எலியின் இரைப்பையில். பெயர் கிரெலின், 28 அமினோ அமிலங்கள், மூன்றாவதில் எட்டுக் காபன் கொண்ட கொழுப்பமிலம் ஒட்டியிருக்கும். அந்தக் கொழுப்பமிலம் இல்லாவிட்டால் பூட்டு திறக்காது. வயிறு காலியானால் கூடும், பசியையும் தூண்டும்.

சரி, பையனுக்கு என்ன சொன்னேன்? உயர்தர வயதில் எலும்பின் வளர்தட்டுகள் பெரும்பாலும் மூடிவிடும், ஆனாலும் ஒருமுறை வைத்தியரிடம் காட்டு என்றேன். குள்ளமாக இருப்பவர்கள் எல்லோருக்கும் ஓமோன் குறைவில்லை என்றும் சொன்னேன். 2016 குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17.3 வீதம். இத்தனை பிள்ளைகளுக்கும் கபச்சுரப்பியிலா குறை? நீண்டநாள் ஊட்டக்குறைவில் வளர்ச்சி ஓமோன் குறைவதில்லை, பெரும்பாலும் கூடித்தான் இருக்கும். சாப்பாடு போதாதபோது, அந்த ஓமோன் சொல்வதைக் கேட்டு ஈரல் ஐஜிஎஃப்-1 என்ற பொருளைப் போதிய அளவு சுரப்பதில்லை. எலும்பு வளர்வதற்கு அது வேண்டும்.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் கேட்டான்: "அப்ப நான் சின்னதுல பசியோட இருந்தப்ப, அந்த ஓமோன் என் உடம்புல நிறைய இருந்திருக்கும், இல்லையா சேர்?"

இருந்திருக்கும் என்றேன்.