9 பெரிதா, 7 பெரிதா?

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். அமெச்சூர் ரேடியோ உரிமம் உண்டு. 145 மெகாஹெர்ட்ஸுக்கு இரண்டு யாகி ஆன்டெனாக்களை (ஒரு தண்டில் வரிசையாகக் குச்சிகள் பொருத்தியவை) பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றின் கெயின் 9 டிபிஐ, மற்றதன் கெயின் 7 டிபிடி என்கிறார்கள். எதை வாங்கலாம்? அந்த எண் உண்மைதானா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

பதில்: விலை குறைந்ததை வாங்குங்கள், இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு திசையில் ஆன்டெனா அலையை எவ்வளவு வலுவாக வீசும், வாங்கும் என்பதை டெசிபலில் சொல்வதே கெயின். டிபிஐ, எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்ட கணக்கு. டிபிடி, நடுவில் கேபிள் இணைத்த எளிய கம்பி ஆன்டெனாவான அரை அலைநீள டைபோலோடு ஒப்பிட்டது. அந்த டைபோலுக்கே 2.15 டிபிஐ உண்டு என்பதால் 7 டிபிடி என்றால் 9.15 டிபிஐ. வெறும் 'டிபி' என்று அச்சிட்ட பெட்டியைத் தொடாதீர்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்றே தெரியாது.

ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவில் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். வடக்கு தெற்காக 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அகலவாக்கில் அதன் கற்றை சுமார் 2 பாகை விரிகிறது. நீளவாக்கிலோ ஒரு பாகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இப்படிக் குவியும் அளவே திசைத்திறன். கம்பியிலும் இணைப்பிலும் வெப்பமாக வீணாவதை அதிலிருந்து கழித்தால் கிடைப்பது கெயின். துருப்பிடித்த யாகியும் திசையை ஒழுங்காகக் காட்டும், கெயினில்தான் ஏமாற்றும்.

அளப்பதற்கு உங்கள் ஊர் வாய்ப்பான இடம். சமவெளியில் தரையில் பட்டுத் திரும்பும் அலை கணக்கைக் குழப்பும். பள்ளத்தாக்கின் குறுக்கே அந்தத் தொல்லை குறைவு. உரிமம் உள்ள நண்பர் எதிர்ச்சரிவிலிருந்து குறைந்த ஆற்றலில் ஒலிபரப்பட்டும். இடையில் சில்வர் ஓக் மரங்கள் மறைக்கக் கூடாது. சுமார் 98 செ.மீ. நீள டைபோல் ஒன்றைக் கட்டி, ரிசீவரில் சிக்னல் வலுவைக் காட்டும் முள் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். பிறகு அதே உயரத்தில், அதே கேபிளில் யாகியை மாட்டுங்கள். டைபோல் செங்குத்தாக இருந்தால் யாகியின் குச்சிகளும் செங்குத்தாகவே இருக்க வேண்டும். முள் ஏறும். அதன் கோடுகளை எண்ணாதீர்கள், பல ரிசீவர்களில் அவை வெறும் அலங்காரம். இடையில் அட்டெனுவேட்டர் (சிக்னலைத் தெரிந்த டெசிபல் அளவுக்குக் குறைக்கும் கருவி) செருகி, முள் பழைய இடத்துக்கு வரும்வரை குறையுங்கள். குறைத்த டெசிபல் எவ்வளவோ, அதுவே டிபிடியில் கெயின். ஆன்டெனாவை ஓரிரு மீட்டர் நகர்த்தி நகர்த்தி நான்கைந்து முறை அளந்து சராசரி எடுங்கள்.

மூடுபனி 145 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தின்பதில்லை. கனெக்டருக்குள் புகும் ஈரம் தின்னும். ஆகவே காய்ந்த நாளில் அளந்து பாருங்கள். மூன்று குச்சி யாகியில் 12 டிபிடி வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள், அது நம்பக்கூடிய எண் அல்ல. டைபோலின் சாலிடரைப் பாருங்கள்.