துணைமின் நிலைய வாக்குறுதி: அமைச்சரிடம் கணக்குக் கேட்பது எப்படி?

வணக்கம். ஊருக்குத் துணைமின் நிலையம் வரும் என்று அமைச்சர் சட்டமன்றத்தில் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது, கரண்ட் போனால் தறியும் நிற்கிறது, கூலியும் நிற்கிறது, யாரைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். நெய்த துணிக்கு மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு ஒரு மணி நேர மின்வெட்டு என்பது அன்றைய காய்கறிச் செலவு. விடாதீர்கள்.

அமைச்சர் அதை மேடையில் சொல்லவில்லை, அவையில் சொன்னார். அதுதான் உங்கள் பலம். அவையில் தந்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்கவே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பல பேருக்கு இது தெரியாது. அவர் பேசிய தேதியைத் தேடுங்கள். எரிசக்தித் துறை மானியக் கோரிக்கை நாளாக, அதாவது அந்தத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டை அவை விவாதிக்கும் நாளாக இருக்கலாம். தேதியும் வாசகமும் போட்டு, சட்டமன்றச் செயலகம், தலைமைச் செயலகம், சென்னை 9 என்ற முகவரிக்கு, அந்தக் குழுவின் பெயரில் மனு அனுப்புங்கள். நகல் உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு.

அப்புறம் மின்வாரியத்துக்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் வரவில்லை" என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். நிலம் எடுத்தாயிற்றா, ஒப்புதல் ஆணை எண் என்ன, அதன் நகல் வேண்டும் என்று கேளுங்கள்.

சோர்ந்துவிட வேண்டாம். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்து நின்றதில் மே தினத்தன்றே வாபஸ் அறிவிப்பு வந்தது. ஆர்.டி.ஐ. பதில் வந்ததும் இங்கே போடுங்கள், அது சரியில்லை என்றால் மேல்முறையீட்டை நான் எழுதித் தருகிறேன்.